பொட்டுக்குக் கீழே ஓர் எண்: திருப்பரங்குன்றம் முதல் டி. கல்லுப்பட்டி வரை

சென்ற தை மாதக் கடைசி வாரம் இந்தப் பயணம் போனேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் கே.கே. நகர் தெருவில் தார் போட வந்த ரோடு ரோலரும், மூலைக் கிளினிக்கின் ஜெனரேட்டரும் ஒரே குரலில் ஓடுவதாக எனக்குத் தோன்றியது. எனக்கு வயது எழுபத்தொன்று, இடது காது மந்தம். ஆகவே நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் ரோலர் டிரைவர் டீ குடிக்கப் போன சமயத்தில் குனிந்து இன்ஜின் தகட்டைப் படித்தேன். ரோலரைச் செய்தது ஒரு கம்பெனி, இன்ஜினைச் செய்தது வேறொரு கம்பெனி. கிளினிக்கில் கேட்டுப் பார்த்தேன். அங்கும் அதே இன்ஜின் கம்பெனிதான்.

தன் பெயரில் ஒரு வண்டிகூட விடாமல், பிறர் வண்டிகளுக்கு டீசல் இன்ஜின் மட்டும் செய்து கொடுக்கும் கம்பெனி அது. பெயரை இங்கே எழுதவில்லை. இது விளம்பரம் ஆகிவிடக் கூடாது, தவறாக எதையாவது எழுதிவிடவும் கூடாது.

தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் அரசு வேலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். கடைக்காரர்கள் யாரும் என்னைக் கண்டு பயந்ததாக நினைவில்லை, நான்தான் பயந்தேன். தேய்ந்த முத்திரையைப் படிக்க அதன்மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்ப்போம். எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். ரோலரின் தகட்டுக்கும் கிளினிக் தகட்டுக்கும் அப்படி ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். இதே இன்ஜின் வேறு எதிலெல்லாம் ஓடுகிறது என்று ஒரு நாள் தேடிப் பார்க்கலாமே என்று கிளம்பினேன்.

காலை 6.50க்கு வீட்டை விட்டுப் புறப்பட்டேன். பெரியார் நிலையத்துக்கு டவுன் பஸ் பத்து ரூபாய், அங்கிருந்து திருப்பரங்குன்றம் எட்டு கிலோமீட்டர், இன்னொரு பத்து ரூபாய். 7.55க்கு இறங்கினேன். தை முகூர்த்த நாள் என்பதால் மலையைச் சுற்றி மண்டபத்துக்கு மண்டபம் வாழை மரம் கட்டியிருந்தார்கள். மண்டபம் இருந்தால் ஜெனரேட்டர் இருக்கும் என்பது என் கணக்கு. மூன்றாவது மண்டபத்தின் பின்புறத்தில் அந்தக் குரல் கேட்டது. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் ராஜாங்கத்துக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் பஞ்சு வைத்திருந்தார்.

"என்ன சார், வழி தப்பிட்டீங்களா? பந்தி அந்தப் பக்கம்."

"பந்திக்கு வரவில்லை. இந்தத் தகட்டை ஒரு நிமிடம் பார்க்கலாமா?"

"இன்ஸ்பெக்டரா?"

"இருந்தேன். இப்போது இல்லை."

"அப்பப் பாருங்க, எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாருங்க."

பிரதி எடுத்து முடித்ததும் அவரே சொன்னார். "என் மச்சினன் செல்வம் கல்லுப்பட்டிப் பக்கம் கதிரறுக்கிற மெஷின் ஓட்டுறான். அதுலயும் இந்த இன்ஜின்தான், சத்தம் அப்படியே இருக்கும்." உடனே போன் போட்டார். "மாப்ள, ஒரு சார் ஒன் இன்ஜினைப் பாக்க வாராரு... என்னது, நின்னுபோச்சா?" போனை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "மெஷின் காட்டுக்குள்ள நின்னு கிடக்காம் சார். நீங்க பாக்கத் தோதா இருக்கும், ஆட்டம் இருக்காது."

இட்லி, வடை, காப்பி 45 ரூபாய். 9.15க்குத் திருமங்கலம் பஸ், 14 ரூபாய். அங்கே மாறி டி. கல்லுப்பட்டி, 22 கிலோமீட்டர், 22 ரூபாய். 10.55க்கு இறங்கி, நான்கு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். டிரைவர் காட்டின் விளிம்பிலேயே இறக்கிவிட்டார்.

கரிசல் காடு. காய்ந்து நின்ற மக்காச்சோளத்துக்கு நடுவே சிவப்பு மெஷின் அசையாமல் நின்றது. செல்வம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். நிலத்துக்காரர் பேச்சியம்மாள் வரப்பில் உட்கார்ந்து தெற்கே கறுத்த மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா இவரு, மெக்கானிக்கா?"

"இல்லக்கா, இன்ஜினைப் பாக்க வந்தவரு."

"பாக்கவா? நல்லாப் பாருங்க. நாங்களும் விடிஞ்சதுல இருந்து அதத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

நிலைமை இதுதான். டீசலை இழுத்துக் கொடுக்கும் சிறிய பம்ப் போய்விட்டது. மூன்று ஏக்கர் இன்னும் அறுக்க வேண்டும். மாலைக்குள் மழை வந்துவிடும்போல் இருந்தது. கரிசல் நனைந்துவிட்டால் பத்து நாளைக்கு மெஷின் உள்ளே இறங்க முடியாது, அதற்குள் கதிர் பூசணம் பிடித்துவிடும். செல்வம் காலையிலேயே திருமங்கலம் போய், மெஷின் கம்பெனியின் பெயரைச் சொல்லி ஒரு பம்ப் வாங்கி வந்திருந்தார். போல்ட் ஓட்டைகள் ஒரு விரல் தள்ளி நின்றன.

திருமங்கலம் கடைக்காரர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. "வண்டிப் பேரை வச்சு நான் என்னண்ணே செய்ய? இன்ஜின் தகட்டுல மாடல் நம்பர் இருக்கும், அதப் படிங்க!"

"தகட்டையே காணோமே," என்றார் செல்வம்.

தகடு எங்கே என்று எனக்குத் தெரிந்திருந்தது. ரோலரிலும் ஜெனரேட்டரிலும் ஒரே இடத்தில்தானே பார்த்திருந்தேன்! சொல்ல எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. தெரியாதவர் வேலையில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை. கடைசியில் செல்வத்தின் கையைப் பிடித்து ஏணியில் ஏறி, இன்ஜினின் பக்கவாட்டைக் காட்டினேன். அங்கே உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் ஏடு ஏடாக இறுகியிருந்தன. இன்ஜினில் தட்டையான இடம் அது ஒன்றுதான். ஆயுத பூஜைக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் எல்லோரும் பொட்டு வைத்தது அந்தத் தகட்டின் மேல்தான். செல்வத்துக்கு இந்தப் பழைய மெஷினை விற்றவரும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

"சாமிக்கு வச்ச பொட்டு சார். நடு அறுப்புல அழிக்கவா?"

கீழிருந்து பேச்சியம்மாள் குரல் வந்தது. "அழிய்யா! நீ அழிக்கலைன்னா சாயங்காலம் மழை அழிக்கப்போகுது."

செல்வம் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு டீசல் துணியால் துடைத்தார். எண் வந்தது, ஆனால் கடைசி இலக்கம் தேய்ந்திருந்தது. மூன்றா, எட்டா? கடையில் கேட்டோம். "எட்டுன்னா பம்ப் இந்தா என் கையில இருக்கு. மூணுன்னா மதுரையில இருந்து நாளைக்குத்தான் வரும்."

பென்சிலால் பிரதி எடுத்தேன். எட்டு மாதிரித் தெரிந்தது. ஆனால் அதை நான் நம்பவில்லை. எட்டாக இருக்க வேண்டும் என்று மூன்று பேரும் ஆசைப்படும்போது எதுவும் எட்டாகத்தான் தெரியும். இறங்கி வந்து வெயிலில் நோட்டை விரித்தேன். ரோலரின் எண் மூன்றில் முடிந்தது, மண்டப ஜெனரேட்டரின் எண் எட்டில் முடிந்தது. இந்தக் கம்பெனியின் மூன்றுக்குத் தலை தட்டை. எட்டுக்குத் தலை வளைவு. இங்கே கிடைத்த பிரதியின் இடது பக்கம் ஒன்றுமே இல்லை, ஆனால் தலை வளைவாக இருந்தது. மூன்று முறை பார்த்தேன்.

"எட்டு," என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க சார்."

"எட்டு."

12.25க்குச் செல்வம் பைக்கில் பறந்தார். அவர் திரும்புவதற்குள் ஊருக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேச்சியம்மாள் தூக்குவாளியைத் திறந்து தயிர்ச்சோறும் மோர்மிளகாயும் கொடுத்தார். போக முடியவில்லை.

"எட்டு இல்லாமப் போனா என்ன செய்வீங்க?"

"மன்னிப்புக் கேட்பேன்."

"அத நான் மாட்டுக்குத் தீவனமாவா போட?" என்று சொல்லிவிட்டு, இன்னொரு மிளகாயை என் பக்கம் தள்ளினார்.

1.45க்குச் செல்வம் வந்தார். பம்பை வைத்தபோது நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், இங்கிட்டுத் திரும்புங்க. உக்காந்துருச்சு!" நான்கு போல்ட்டும் நேராக இறங்கியிருந்தன. பம்பைக் கையால் அடித்து, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற அரை மணி நேரம் ஆனது. 2.20க்கு இன்ஜின் பிடித்தது. எங்கள் தெரு ரோலரின் அதே குரல். காது மந்தம்தான், ஆனால் அது அதே குரல்தான்.

5.10க்குக் கடைசி வரிசை முடிந்தது. வேப்பமரத்தடியில் ஒரு துண்டு மட்டும் மெஷின் திரும்ப இடமில்லாமல் நின்றது. அதைக் கையால் ஒடித்துக்கொள்வதாகப் பேச்சியம்மாள் சொன்னார். பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த குங்குமத்தை எடுத்துச் செல்வத்திடம் நீட்டினார். செல்வம் பெருவிரலில் தொட்டு, ஏணியில் ஏறி, நேராகத் தகட்டுக்கே கொண்டுபோனார்.

"கொஞ்சம் தள்ளி," என்றேன். யாரும் சொல்லாமலே அது சத்தமாக வந்துவிட்டது.

செல்வத்தின் விரல் நின்றது. பேச்சியம்மாள் சிரித்துவிட்டார். "தள்ளி வைய்யா. சாமிக்கு எங்க வச்சாலும் தெரியும், கடைக்காரனுக்குத்தான் தெரியாது." தகட்டுக்கு நான்கு விரல் தள்ளி, எண்ணெய்க் கறையின் மேல், பொட்டு விழுந்தது.

செல்வம் பைக்கில் கல்லுப்பட்டியில் விட்டார். 5.35க்கு மாட்டுத்தாவணி பஸ் ஏறிய இரண்டாவது நிமிடம் ஜன்னலில் மழை அடித்தது. பஸ் 42 ரூபாய், மாட்டுத்தாவணியிலிருந்து மழையில் ஆட்டோ 80. நாள் முழுக்கச் செலவு 243 ரூபாய்.

இதே மாதிரி போக நினைப்பவர்களுக்கு: முகூர்த்த நாளில் காலை ஒன்பதுக்குள் திருப்பரங்குன்றம் போய்விடுங்கள், பிறகு ஜெனரேட்டர்க்காரர்களுக்குப் பேச நேரமிருக்காது. கல்லுப்பட்டியில் காந்திய ஆசிரமம் இருக்கிறது. எனக்கு நேரம் கிடைக்கவில்லை, நீங்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஓடும் இன்ஜினைத் தொடாதீர்கள், கேட்காமல் தகட்டைத் துடைக்காதீர்கள். மெல்லிய வெள்ளைத் தாளும் மொட்டை பென்சிலும் போதும்.

வீட்டில் டிராக்டரோ மெஷினோ வைத்திருப்பவர்கள், அடுத்த பூஜைக்கு முன் இன்ஜின் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்றா எட்டா என்று சந்தேகம் வந்தால் என்னைக் கேளுங்கள். நானும் மூன்று முறை பார்த்துத்தான் சொல்வேன். ஆனால் சொல்வேன்.