வெள்ளைக் குச்சி வாழைகள்

டாக்டர் வருகிறார் என்றதும் ஊசி போடத்தான் என்று நினைத்து, அப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். ரப்பர் பூட்ஸுடன் காரிலிருந்து இறங்கிய அந்த அம்மா சிரித்துவிட்டார். "உங்களுக்கு இல்ல ஐயா. உங்க வாழைக்குத்தான் நான் டாக்டர்."

தோட்ட வேலை போனபின் தங்காக் பக்கம் அப்பா குத்தகைக்கு எடுத்த நிலம் அது. சுற்றுவட்டாரம் முழுக்க வாடல் நோய். இலை மஞ்சளாகித் தொங்கும். அவ்வளவுதான், மரம் போச்சு. நோய் மண்ணிலேயே தங்குவதால் மறுபடி நட்டாலும் பிழைக்காது. ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானியான டாக்டர், இல்லாதவர்களும் வாங்கக்கூடிய ஒரு மருந்துத் தூளுக்காகப் பல வருடம் உழைத்திருந்தார்.

எங்கள் நிலத்தில்தான் சோதனை. சிவப்புக் குச்சி நட்ட வரிசைகளுக்குத் தூள் உண்டு. வெள்ளைக் குச்சி வரிசைகளுக்குக் கிடையாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் மேலிடம் நம்பும், மற்றவர்களுக்கும் தூள் கிடைக்கும். தமிழ்ப்பள்ளி ஆசிரியையான நான் ஞாயிறுதோறும் எத்தனை மரம் வாடியது என்று எழுதித் தரவேண்டும்.

மூன்றாவது மாதமே அப்பா என்னிடம் கையும் களவுமாக மாட்டினார். சிவப்புக்கான தூளில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, வெள்ளைக் குச்சி மரங்களுக்கும் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா? எல்லாம் நான் வெச்ச மரம்தானே. பாவம் லா."

நான் சிரித்தேன். அன்று சிரித்ததற்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம். டாக்டரிடம் சொன்னால் தூளை நிறுத்திவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு எண்ணி எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து டாக்டர் என் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "வித்தியாசமே இல்லையே டீச்சர். தூள் போட்டதும் நிக்குது, போடாததும் நிக்குது." தூளால் பயனில்லை என்று மேலிடம் திட்டத்தை மூடியது. பக்கத்துத் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. அடுத்த நிலத்து மலாய்க்காரப் பெரியவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு தெப்ராவில் மகன் வீட்டுக்குப் போனார். எங்கள் வாழை மட்டும் குலை தள்ளியது. வெட்கமில்லாமல் விற்றுச் சாப்பிட்டோம்.

ஓய்வு பெற்று பத்து பாகாட் ஊருக்குக் குடிபோன பிறகும் டாக்டர் விடவில்லை. உங்கள் மண்ணில் நோயை எதிர்க்கும் ஏதோ ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் எல்லாரையும் காப்பாற்றலாம் என்றார். மாதம் ஒரு போத்தல் மண் கேட்பார். நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். சாப்பாட்டு மேசை, அலமாரி, ஐஸ்பெட்டி, எங்கு பார்த்தாலும் எங்கள் மண். கண் மங்கிய பிறகும் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தே கிடந்தார்.

அப்பா போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அவர் செய்தது இரக்கம். நான் செய்தது கோழைத்தனம். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்புவேன். கதவைத் திறந்து, என் கையிலிருக்கும் போத்தலைப் பார்த்து அவர் முகம் மலரும். விழுங்கிவிடுவேன்.

கடைசியாகப் பார்த்தபோது படுத்த படுக்கையாக இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், உண்மையைச் சொல்லுங்க. மண்ணுதானே காரணம்? நான் தப்பான எடத்துல தேடலையே?"

"மண்ணுதான் டாக்டர்," என்றேன்.

"அப்ப வர்ற வாரம் இன்னும் கொஞ்சம் கொண்டு வாங்க."

கொண்டுபோனேன். வீட்டு முன்னால் கூடாரம் போட்டு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய தங்கை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"கடைசி வரைக்கும் அக்காவுக்கு ஒத்தாசையா இருந்தது நீங்க ஒருத்தர்தான் டீச்சர்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.