இன்னாசிராஜின் விமானச் சண்டை

பொம்மிடியில் மைக்செட் வைத்திருந்த இன்னாசிராஜுக்கு உலகத்தில் எல்லாமே சத்தம்தான். குக்கரைக்கூட விசில் அடித்துக் காட்டச் சொல்லித்தான் வாங்குவார். பெண் பார்க்கக் கம்பைநல்லூர் போனபோதும் பாக்கியமேரியின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அவள் எருமையை அதட்டிய குரல் தெருமுனை வரை கேட்டது, உடனே தலையாட்டிவிட்டார். கல்யாணத்தோடு அந்த எருமையும் சீதனமாக வந்து சேர்ந்தது.

எண்பத்தெட்டாம் வருடம் பெங்களூர் போனவர் அங்கே ஒரு கடையில் கம்ப்யூட்டர் கேமைப் பார்த்துவிட்டார். குச்சியைத் திருப்பினால் திரையில் விமானம் சுடுகிறது. ஆளுக்கு மூன்று விமானம், மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது. மாதா திருவிழாவில் இதை வைத்தே தீருவது என்று கிறுக்குப் பிடித்தது. மொத்தமாக வாங்கக் கட்டுப்படியாகாது, பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். பாக்கியமேரி அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து எருமையை எதிர்வீட்டு முனியப்பனுக்கு விற்றுவிட்டு, மறுபடி பெங்களூர் பஸ் ஏறினார்.

விவரம் தெரிந்தவன் முதலில் ஆட்டத்தை ஓட்டும் நல்ல போர்டு, பிறகு படம் தெரிய நல்ல பிக்சர் டியூப் என்று பார்ப்பான். இவர் கையில் இருந்த மைக்செட் போதாதென்று புது ஆம்ப்ளிஃபையரில் ஆரம்பித்தார். அப்புறம், குண்டு போட்டால் ஏரியூர் வரை கேட்க வேண்டும் என்று இரண்டு குழாய் ஸ்பீக்கர். மிச்சத்தில் போர்டு. கடைசியில் சில்லறைதான் இருந்தது. யாரோ தூக்கிப்போட்ட டிவியின் பிக்சர் டியூபை வாங்கி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்த பாக்கியமேரி வெறும் கட்டுத்தறியைப் பார்த்தாள். அழவில்லை. திருவிழா முடிவதற்குள் எருமை வீட்டுக்கு வராவிட்டால் கம்பைநல்லூருக்கே போய்விடுவேன், கூப்பிட வரக்கூடாது என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். எதிர்வீட்டில் எருமை கத்தும்போதெல்லாம் இன்னாசிராஜ் ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

திருவிழாவில் மெஷினைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிக்கொடுத்தது, அவரிடம் வேலைக்கு இருந்த நான்தான். முதல் நாளே எங்கள் ஊர்ப் பச்சியப்பன் ஆடிக்கொண்டிருக்கும்போது டியூப் புஸ்ஸென்று அணைந்தது. சத்தம் மட்டும் ஜோராக வந்தது. வேறு ஆளாக இருந்தால் கடையைக் கட்டியிருப்பான். இவர் மைக்கை எடுத்தார்.

“எதிரி விமானம் ரெண்டு வருதுங்க. நம்ம பச்சியப்பன் சுட்டுட்டாருங்க.”

வெளியே ஒரே கைதட்டல். பச்சியப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். தன் பேரை ஊரே கேட்ட பிறகு, உள்ளே படமே இல்லை என்று எவன் சொல்வான்? அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் சொல்லவில்லை. வரிசை தேர் வரை நீண்டது. ஆனாலும் செலவு போக, எருமையின் வால்கூடத் தேறவில்லை.

கடைசி நாள் பாக்கியமேரி தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். இருண்ட திரையைப் பார்த்தாள். புருஷனை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“இப்ப எங்க வூட்டுக்காரரு ஆடறாருங்க. மூணு விமானம் வெச்சிருக்காரு. கேக்காம எருமைய வித்ததுக்கு ஒண்ணு போச்சுங்க. அந்தக் காசுல கொழா வாங்குனதுக்கு இன்னொண்ணும் போச்சுங்க.”

கூட்டம் ஓவென்று சிரித்தது. அந்தக் குரலே போதும், அதன்மேல் புதுக் குழாய் வேறு. கடைசி விமானத்தையும் துரத்திக்கொண்டு வருகிறார்கள் என்றாள். திரையில் ஒன்றுமில்லை என்று எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்த இன்னாசிராஜ், வியர்க்க வியர்க்கக் குச்சியை இடமும் வலமுமாகத் திருப்பினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“முனியப்பன் கொல்லையில குருவி வெரட்டக் கொழா கேட்டாரு. எல்லாத்தையும் எறக்கிக் குடுத்துட்டு எருமைய ஓட்டியாந்துடறேன்” என்றார்.

பாக்கியமேரி அவர் கையைக் குச்சியிலிருந்து எடுத்துவிட்டாள். பிறகு மைக்கில் சொன்னாள்.

“தப்பிச்சுட்டாருங்க.”