பெரியப்பாவின் சிமெண்டுக் காடு

உத்தனப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரில், பெரியப்பாவுக்கு விமானம் இறங்கின காடு இருந்தது. எங்களுக்கு வெறும் மண்காடு. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

உலகச் சண்டையின்போது வெள்ளைக்காரர்கள் ஊரார் நிலத்தை எடுத்துச் சிமெண்டு ஓடுபாதை போட்டார்களாம். சண்டை முடிந்ததும் விமானங்களோடு கிளம்பிவிட்டார்கள். நிலம் அவரவருக்குத் திரும்பி வந்தபோது சிமெண்டும் சேர்ந்தே வந்தது. பிறகு அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது, சிமெண்டுப் பக்கத்தைப் பெரியப்பாவே கேட்டு வாங்கிக்கொண்டாராம். விவரமான ஆள்தான் என்று பொருமுவேன்.

அறுவடையானால் ஊரே ராகிக் கதிரை அங்கேதான் கொண்டுவந்து பரப்பும். கல்லும் மண்ணும் கலக்காத களம் வேறெங்கே கிடைக்கும்? மாடு கட்டிக் கல் உருளை ஓட்டித் தூற்றி முடித்ததும், வீட்டுக்கு ஒரு முறம் ராகி பெரியப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்களும் கொடுத்தோம். விதைக்காமலே ராகி. நான் லீவெல்லாம் பாவாடையைச் செருகிக்கொண்டு களை பிடுங்குவேன். பெரியப்பா மகள் அந்தச் சிமெண்டில் வாடகை சைக்கிள் ஓட்டிப் பழகுவாள். அவள் அப்பா காக்கி உடுப்புப் போட்டு, ஓசூர்க் கம்பெனிக்கு ஷிஃப்டு பஸ்ஸில் போவார். என் அப்பா மாட்டுக்குப் பின்னால் போவார்.

ஒரு பொங்கலன்று இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"பெரிப்பா, உங்க காட்ட எங்களுக்குக் குடுத்துட்டு, எங்க காட்ட நீங்க எடுத்துக்கங்க."

பரிமாறிக்கொண்டிருந்த பெரியம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பெரியப்பா மட்டும் சிரித்தார்.

"எனக்குச் சம்மதந்தான் கண்ணு. உங்கப்பன ஒரு வார்த்த கேளு."

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அண்ணனே தருகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளத் துப்பில்லையே இந்த மனிதருக்கு என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவரும் என்னைத் திட்டவில்லை. பெரியப்பா பஸ் ஏறப் போகும்போது மட்டும், ஏர் ஓட்டுவதை நிறுத்திவிட்டு அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

சிமெண்டில் ராகி முளைக்காது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தே அதைத் தன் பங்காகக் கேட்டு வாங்கும் அண்ணன் ஒருவர் இருப்பார் என்பதுதான் அந்த வயதில் தெரியவில்லை.