கைக்குத் தெரிந்த அடுப்பு

அச்சகத்தில் அவளுக்குப் ‘பன்னிரண்டரை அக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. அது இப்போது வங்கிப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

கணவன் இறந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது, மகனுக்கு ஆறு. அழுது முடித்த மறுவாரமே எதிர்த்தெரு அச்சகத்துக்குள் நுழைந்து, “இங்க வேலை பார்க்கிற பதினோரு பேருக்கும் மதியச் சாப்பாடு நான் தர்றேன்” என்று சொன்னாள். அங்கே போர்மேன் மெஷின் சத்தத்தில் அது அரைகுறையாகக் காதில் விழ, “யாரும்மா செத்தது?” என்று கேட்டாராம். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம். மழையோ காய்ச்சலோ, மதியம் பன்னிரண்டரைக்குக் கூடை அச்சகத்துப் படியேறிவிடும். அந்தக் கூடைதான் மகனைப் படிக்க வைத்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான், கல்யாணம் செய்துகொண்டான். மருமகள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். மாமியாரும் மருமகளும் ஒருத்தியை ஒருத்தி வாரிக்கொண்டே ஒற்றுமையாக இருக்கும் வீடு அது.

அந்த வீட்டில்தான் விதி, மாமியாரின் கண்ணில் வந்து உட்கார்ந்தது.

பார்க்கிற பொருளின் நடுப்பகுதி மட்டும் அவளுக்கு மெல்ல மெல்ல அழிய ஆரம்பித்தது. மகனைப் பார்த்தால் காது தெரியும், தலைமுடி தெரியும், முகம் தெரியாது. “முழு இருட்டு ஆகாது. ஆனா போன பார்வை திரும்பாது” என்றார் டாக்டர். அவள் அங்கேயே தலையாட்டிவிட்டு, வெளியே வந்து மருமகளிடம் சொன்னாள்: “நல்லதாப் போச்சு. இனிமே நீ மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டாலும் எனக்குத் தெரியாது.”

மருமகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

சமையல் மட்டும் நிற்கவில்லை. வெங்காயம் வதங்கும் சத்தம், பருப்பு பொங்கும் சத்தம், தண்ணீர் கொதிக்கப் போகும்போது பாத்திரத்தின் அடியில் கேட்கும் முணுமுணுப்பு, எல்லாம் காதுக்குப் பாடம். ஆனால் ஒரு காலை, பாத்திரத்தை இறக்கக் கை நீட்டியவளின் ரவிக்கைக் கை நுனியில் நெருப்புப் பிடித்தது. அவள் பார்வையில் எந்த இடம் இல்லையோ, அந்த இடத்தில்தான் தீ நின்றுகொண்டிருந்தது.

“அத்தை! கை! கை!”

மருமகள் ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு கொட்டினாள். தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. கடவுள் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் மாலை மகன் வந்ததும் வராததுமாக சிலிண்டரைக் கழற்றி வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

“டேய், அதை ஏண்டா தூக்குற?”

“லிஃப்ட்ல கோளாறுன்னா முதல்ல மெயினை அணைச்சிடுவோம்மா. அப்புறம்தான் மத்ததெல்லாம்.”

“நான் என்ன லிஃப்டாடா?”

அவன் சிலிண்டர் வால்வை இன்னொரு முறை இறுக்கினான். மறுநாளே புது இண்டக்ஷன் அடுப்பு ஒன்று வாங்கி வந்தான். கறுப்புக் கண்ணாடி, தீ கிடையாது, புகை கிடையாது. மேலே எதுவும் துருத்திக்கொண்டிருக்காது, விரல் வைத்தால் போதும். முகம் பார்க்கலாம் போல அவ்வளவு பளபளப்பு. முகம் பார்க்க முடியாதவளுக்கு அதை வாங்கி வந்திருந்தான், பாவம், பாசத்தில்.

அந்தக் கண்ணாடியில் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை. மருமகள் யோசித்தாள். தன் நகப்பூச்சை எடுத்து வந்து, ஒவ்வொரு பொத்தான் மேலும் ஒரு சொட்டு வைத்துக் காய விட்டாள். “தடவிப் பாருங்கத்தை, மேடு மேடா இருக்கும். முதல் மேடு ஆன், ரெண்டாவது கூட்ட, மூணாவது குறைக்க.”

“அடியே, அடுப்புக்கே நகப்பூச்சு போட்டுட்டியா! நாளைக்கு அதுக்கும் ஒரு மாப்பிள்ளை பாரு.”

வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பு இரண்டு நாள் நீடித்தது.

மூன்றாம் நாள் வெங்காயத்தை எண்ணெயில் போட்டாள். சூட்டைக் குறைக்க வேண்டும். மூன்றாவது மேட்டைத் தேடி விரலை ஓட்டினாள். விரல் முதல் மேட்டில் பட்டது, அடுப்பு அணைந்தது. மறுபடி தேடினாள், உயிர் வந்தது. இரண்டாவது மேட்டில் விரல் நின்றுவிட, சூடு உச்சிக்கு ஏறியது. பதற்றத்தில் இரண்டு கையாலும் துழாவினாள். கீச் கீச்சென்று கத்திவிட்டு அடுப்பு தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. அதற்குள் வெங்காயம் கரியாகிவிட்டது. முதலிலிருந்து தொடங்கினாள். பருப்புப் பாத்திரத்தை வைத்து, வேகிறது வேகிறது என்று இருபது நிமிடம் காத்திருந்தாள். தொட்டுப் பார்த்தால், அடுப்பு மறுபடி பூட்டிக்கொண்டிருக்க, பாத்திரம் பச்சைத் தண்ணீராகக் கிடந்தது.

அன்று கூடை படியேறும்போது மணி ஒன்று பத்து. பதினோரு பேரும் வேகாத பருப்பைச் சத்தமில்லாமல் விழுங்கினார்கள்.

அன்று மாலை மகன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். “போதும்மா. இத்தனை வருஷம் செஞ்சது போதும். அச்சகத்துல நான் பேசிடுறேன். இன்னையோட நிறுத்திடலாம்.”

“சரிப்பா” என்றாள்.

அந்த ‘சரிப்பா’ இருக்கிறதே, அதைக் கேட்டிருந்தால் கல்லும் கரைந்திருக்கும். இருபத்திரண்டு வருடமாகச் சமையலறையில் நின்ற கால்கள், மறுநாள் கூடத்து நாற்காலியில் தொங்கின. கைகள் இரண்டும் மடியில் கிடந்தன, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல. மருமகளால் அதைப் பார்க்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அரை நாள் லீவு சொன்னாள்.

“கிளம்புங்க அத்தை, அடுப்புக் கடைக்கு. உங்க பையன் உங்களைக் கூட்டிட்டுப் போகாமலே அடுப்பு வாங்கியிருக்காரு. செருப்புகூட அளவு பார்த்துத்தான் வாங்குவாங்க.”

மகனும் அரைமனதாக வந்தான். கடையில் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். ஒன்பது வருடமாக அதே தளத்தில் அடுப்பு விற்கிறவள். மகன் வழக்கம்போல முந்திக்கொண்டான். “மேடம், இருக்கறதுலயே பாதுகாப்பானது எது?”

அந்தப் பெண் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. “சமைக்கிறது யாரு?” என்று கேட்டாள். பிறகு அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். “அம்மா, நீங்க வீட்ல எப்படி சமைப்பீங்கன்னு எனக்குக் கையால காமிங்க. இதுதான் மேடைன்னு வச்சிக்கோங்க.”

நடுக்கடையில், இல்லாத அடுப்பில், அவள் சமைத்தாள். முதலில் கூச்சம். பிறகு மறந்துபோனாள். இடது கை மேடை விளிம்பைத் தேடிப் பிடித்தது. அங்கிருந்து ஒரு சாண் அளந்து பாத்திரத்தை வைத்தது. வலது கை முன்பக்கம் இறங்கி, இல்லாத குமிழைத் தேடி, பிடித்து, திருப்பியது. தலை ஒரு பக்கம் சாய்ந்து சத்தம் கேட்டது. போகிற வருகிற ஆட்கள் நின்று பார்த்தார்கள். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இப்பத் தெரிஞ்சுது” என்றாள் கடைப்பெண். “அந்தக் கண்ணாடி அடுப்பு மேல குத்தம் இல்லம்மா. உங்க மேலயும் இல்ல. நமக்கெல்லாம் தொடுறதுன்னா அழுத்துறது. உங்களுக்குத் தொடுறதுன்னா பார்க்கிறது. நீங்க பொத்தான் எங்கேன்னு பார்க்கிறீங்க, அது ஏதோ உத்தரவு போடுறீங்கன்னு நினைச்சிக்குது.”



கடைப்பெண் ஒவ்வொரு அடுப்பாகத் தொட்டுக் காட்டினாள். “கேஸ் நல்ல அடுப்பு. சத்தம் கேக்கும், திருகுற நாப் இருக்கு. ஆனா தீ உங்களுக்குத் தெரியாத இடத்துல நிக்குது, அதனால வேண்டாம். இது மின்சாரத் தட்டு. இதுலயும் நாப் இருக்கு, ஆனா அணைச்ச பிறகும் ரொம்ப நேரம் கொதிச்சிட்டே கிடக்கும், பார்த்தா ஆறின மாதிரி இருக்கும். நீங்க தடவித் தேடுறவங்க. கிட்டயே போகாதீங்க.” பிறகு குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை இழுத்தாள். “இது இண்டக்ஷன்தான். ஆனா நாப் வச்சது. துடைக்கிறது கஷ்டம், பழைய மாடல்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

தூரத்தில் இருந்த மேனேஜர் தொண்டையைச் செருமினார். “அந்தப் புது மாடலைக் காட்டும்மா.”

“புது மாடல் அவங்க வீட்லயே இருக்கு சார். அதனாலதான் இங்க வந்திருக்காங்க.”

கடைப்பெண் அடுப்பின் ப்ளக்கைச் செருகி, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக் குமிழ் மேல் வைத்தாள். குமிழில் ஒரு வரி மேடாக இருந்தது. திருப்பினால் ஒவ்வொரு அளவுக்கும் ‘டக்’ என்று ஒரு தட்டல். எவ்வளவு தடவினாலும் அது அசையவில்லை. திருப்பினால்தான் திரும்பியது.

“டக், டக், டக்...” அவள் எண்ணினாள். “ஒன்பது.”

“ஒன்பதுதாம்மா. வெங்காயத்துக்கு எத்தனைன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. பாத்திரத்தை எடுத்துட்டா தானா நின்னுடும். கண்ணாடியில பாத்திரத்தோட சூடு கொஞ்சம் இருக்கும், உடனே கை வைக்காதீங்க.”

அடுப்பு மெல்ல ரீங்கரித்தது. அவள் முகம் சுருங்கியது. “இந்தச் சத்தம் எனக்குப் பழக்கமில்லையே.” தலையைச் சாய்த்தாள். ரீங்காரத்துக்கு அடியில், சிறிதாக, அந்த முணுமுணுப்பு கேட்டது. “வந்துடுச்சு! இப்ப கொதிக்கும் பாரு” என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் தண்ணீர் கொதித்தது.

மகன் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், குழந்தை மாதிரி அழுதான். “என்னை மன்னிச்சிடும்மா. சரி பண்ணிப் பார்க்காமலே நிறுத்தப் பார்த்தேன்.”

“அழாதடா. லிஃப்ட் ஓடுது” என்றாள் அம்மா.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி இருந்தது. அந்த அடுப்பைக் கட்டிக் கொடுக்கும்போது கடைப்பெண் ஒரு காந்தத்தையும் கையில் கொடுத்தாள். “வீட்டுப் பாத்திரத்தோட அடியில ஒட்டிப் பாருங்க. ஒட்டுனா இந்த அடுப்புல சூடாகும், ஒட்டலன்னா ஆகாது.” வீட்டில் மாமியாரும் மருமகளும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். பெரிய அலுமினியப் பாத்திரங்கள் இரண்டும் ஒட்டவில்லை. மகன் முதலில் வாங்கி வந்த அடுப்போடு இலவசமாக வந்த சின்னது மட்டும்தான் ஒட்டியது. இதுவரை அதில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துச் சமாளித்திருக்கிறாள். பதினோரு பேர் சாப்பாடு அதில் எப்படி?

செய்தி எப்படியோ எதிர்த்தெருவுக்குப் போய்விட்டது. மறுநாள் போர்மேன் இரண்டு பெரிய எஃகுப் பாத்திரங்களோடு படியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

“கடைக்காரன் அடிக்க வந்துட்டான்க்கா. காந்தம் ஒட்டலன்னு ஏழு பாத்திரத்தைத் திருப்பிக் குடுத்தோம்ல.”

“யாரு கேட்டா உங்களை?”

“பசி கேட்டுச்சுக்கா. ரெண்டு நாளா வெளியில சாப்பிட்டு வயிறு வீங்கிப் போச்சு.”

அவள் பாத்திரங்களைத் தடவிப் பார்த்தாள். விளிம்பு, கைப்பிடி, அடி. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருடம் தான் இவர்களுக்குச் சோறு போட்டதாக நினைத்திருந்தாள். இவர்களும் தன்னைத் தாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்று அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த வேலை நாள் காலையில் அவள் சமையலறைக்குள் போனாள். மருமகள் வாசற்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போடி. என்னை வேடிக்கை பார்க்க உனக்குச் சம்பளமா தர்றாங்க?”

மருமகள் போகவில்லை, கதவுக்குப் பின்னால் நின்று எண்ணினாள். டக், டக், டக், டக். வெங்காயம் நாலில் வதங்கியது. பருப்பு ஆறில் பொங்கியது. கையெல்லாம் பத்திரமாக இருந்தது. கூடை, போக வேண்டிய நேரத்துக்குப் போனது.

அன்று பிற்பகல் அவள் தனியாக ஒரு டப்பாவில் சோறும் பருப்பும் காயும் கட்டி, மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு அடுப்புக் கடைக்குப் போனாள். நீலக் கோட்டுப் பெண்ணின் கைகளைத் தேடிப் பிடித்து டப்பாவை வைத்தாள். நன்றி சொல்ல எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. “சாப்பிடும்மா” என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பெண் அடுப்புகளுக்கு நடுவே நின்றபடியே சாப்பிட்டாள். பாதி டப்பா காலியான பிறகுதான் நிமிர்ந்தாள்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பருப்புல உப்பு ஒரு கல் தூக்கல்.”

மருமகளுக்குத் திக்கென்றது. அவள் மாமியாரைப் பார்த்தாள். அந்த முகம் மலர்ந்திருந்தது. மாமியார் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, விரல்களால் காற்றில் ஒரு பாத்திரத்தின் அகலத்தை அளந்து, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்மா, சரியாச் சொன்ன. பாத்திரம் புதுசு, வாய் குறுகல். தண்ணி குறைச்சலா விழுந்திருக்கு, உப்பைப் பழைய கையளவுல போட்டுட்டேன்.” பிறகு சொன்னாள்: “நாளைக்குச் சரியாயிடும்.”