ராசம்மாளின் ரத்தம் இறங்கிய வேகம்

புஷ்பவள்ளி ஏழாவதோடு படிப்பை விட்டவள். கடலூர் முதுநகரில் ஒரு சின்ன லேபில் 2004-இல் கூட்டிப் பெருக்க வந்தாள். ஐந்து வருஷத்தில் குழாய் கழுவுவது, பெயர் ஒட்டுவது, ஈ.எஸ்.ஆர். பரிசோதனைக்கு ரத்தம் ஏற்றி வைப்பது என்று ஒவ்வொன்றாக அவள் தலையில் விழுந்தது. காலை ஆறரைக்கு நிற்க ஆரம்பித்தால் மதியம் இரண்டுக்குத்தான் உட்காருவாள். அதற்குள் கணுக்கால் வீங்கிவிடும்.

ஈ.எஸ்.ஆர். பெரிய வித்தையில்லை. ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி நேராக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. அதிலிருக்கும் சில புரதங்கள் அளவு மீறினால் சிவப்பணுக்கள் தட்டு அடுக்கினது போல ஒட்டிக்கொண்டு சரசரவென்று இறங்கிவிடும். குழாய் சாய்ந்திருந்தாலும் இறங்கிவிடும். வம்பு அங்கேதான்.

2009 மாசியில் ராசம்மாள் வந்தாள். துறைமுகத்தில் மீன் கூடை சுமக்கிறவள். முதுகுவலி. அவள் ரத்தம் நூற்று முப்பத்தெட்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. இருபது, முப்பதுக்குள் நிற்க வேண்டியது. டெக்னீஷியன் செந்தமிழ்ச்செல்வன் சிரித்தான்.

"இன்னா புஷ்பாக்கா, நின்னுக்கிட்டே தூங்குனியா? குழாயைச் சாய்ச்சு வெச்சிருக்க."

அவள் நேராகத்தான் வைத்திருந்தாள். ஸ்டாண்டில் குழாயைப் பிடிக்கும் கிளிப்பை இரண்டு தடவை அழுத்திப் பார்த்திருந்தாள். சொல்ல வாய் வரவில்லை. அவன் மறுபடி பார்க்காமல் உத்தேசமாக நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதைப் பார்த்து, அவளை அனுப்பியிருந்த டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார்.

வைகாசியில் ராசம்மாள் மறுபடி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். செல்வன் ஊசியை எடுத்ததும், "உறிஞ்சு தம்பி, உறிஞ்சு. இன்னும் ரெண்டு வாட்டி எடுத்தா என்னையும் கருவாட்டோட காயப் போட்றலாம்" என்றாள். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு யாரையும் கேட்காமல் ராசம்மாளின் ரத்தத்தை இரண்டு குழாயில் ஏற்றி, ஸ்டாண்டின் இரண்டு ஓரத்திலும் நிறுத்தினாள். நடுவில் வேறொருவர் ரத்தம்; ஸ்டாண்டு சாய்ந்திருந்தால் அதுவும் வேகமாக இறங்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து நடுவில் பன்னிரண்டு. ஓரங்கள் இரண்டிலும் நூற்று நாற்பது.

"மறுபடியும் சாய்ச்சிட்டியா..." என்று ஆரம்பித்த செல்வன் மூன்றையும் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"போன தடவையும் நேராத்தான் சார் வெச்சேன்." அவளை விடப் பத்து வயசு சின்னவன், ஆனாலும் சார்தான்.

அவன் குனிந்து கிளிப்புகளைத் தானே அழுத்திப் பார்த்தான். இன்னொரு குழாயில் எடுத்திருந்த ரத்தத்தில் புரதம் பார்த்தான். மொத்தப் புரதம் ஏறிக் கிடந்தது, வழக்கமாக அதிகமிருக்கும் ஆல்புமின் புரதம் இறங்கிக் கிடந்தது. வேறேதோ புரதம் பெருகியிருக்கிறது. டாக்டருக்கு அவனே போன் செய்தான். அவர் சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

ராசம்மாளுக்கு வர ஆளில்லை. புஷ்பவள்ளி லீவு போட்டுக் கூடப் போனாள். எலும்பில் ஊசி குத்தியும் பார்த்தார்கள். முடிவு சொன்ன அன்று டாக்டரம்மா ஒரு தாளைக் காட்டினார். மின்சாரத்தில் புரதங்களைத் தனித்தனிக் கோடாகப் பிரித்த தாள். ஆல்புமின் கோடு வெளிறியிருந்தது. அதிலிருந்து தள்ளி, மற்றப் புரதங்கள் மங்கலாகப் பரவியிருக்க வேண்டிய இடத்தில், ஒல்லியாக, அழுத்தமாக ஒரு கோடு. எலும்பு மஜ்ஜையில் ஒரே உயிரணு பெருகி ஒரே புரதத்தைச் சுரந்து தள்ளுகிறதாம். புற்றுநோய்தான். மருந்தில் அடக்கி வைக்கலாம். ஆனால் முதுகெலும்பில் ஒன்று நொறுங்கிவிட்டது. இனிமேல் கூடை தூக்கக் கூடாது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா எலும்பைக் காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ராசம்மாள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "மாசியிலயே வந்தேனே. அப்ப ஏன் தெரியல?"

தெரியலக்கா என்று சொல்லிவிடலாம். செல்வன் வாயைத் திறக்கப் போவதில்லை. ஆனால் புஷ்பவள்ளிக்குக் களைப்பாக இருந்தது. பொய்யைச் சுமந்து திரியவும் தெம்பு வேண்டும்.

"தெரிஞ்சுதுக்கா. அப்பவே ஜாஸ்தியா வந்துது. தப்புன்னு மாத்தி எழுதிட்டாங்க. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

ராசம்மாள் திரும்பவில்லை. ஆலப்பாக்கம் வந்தது, போனது. சிப்காட்டும் தாண்டியது. முதுநகரில் இறங்கும்போது படியில் கால் வைக்க முடியாமல் நின்றாள். கண்டக்டர் அவசரப்படுத்தினான். புஷ்பவள்ளி கையை நீட்டினாள்.

"உன் கை வேணாம்."

கம்பியைப் பிடித்து, முனகிக்கொண்டு, தானே இறங்கினாள். பஸ் போன பிறகும் நின்றுகொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை மறுபடி வரணுமாம். அந்தம்மா சொல்றதுல பாதி எனக்குப் புரியல" என்றாள் கடைசியில். "கூட வா. வந்து சும்மா நிக்காத. வாயைத் தொறந்து கேளு."