வீடில்லாத இருபத்துமூன்று சுவர்கள்

தினேஸ்வரி கன்னத்தைச் சுவரில் வைத்து, கண்ணை மூடி, பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மணி மூன்றே முக்கால். சுவரின் அந்தப் பக்கம் மேற்கு வெயில் அறைகிறது. இந்தப் பக்கம் அவருடைய மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டால் சுவர் தேறியது. சூட்டை அளக்கும் கருவியும் பக்கத்தில் தொங்குகிறது. அதன் எண்ணையும் நோட்டில் எழுதுவார். ஆனால் முதலில் கன்னம்.

"கைய நம்ப மாட்டேன். சிமெண்டு தொட்டுத் தொட்டு மரத்துப்போச்சு. கன்னம் பொய் சொல்லாது லா."

மலேசியாவின் கோப்பெங்கிலிருந்து உள்ளே வரும் செம்மண் பாதை இங்கே முடிகிறது. ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, அதுவும் போன மேட்டு நிலம். பழைய தோட்டத்துக் குடும்பங்களுக்காக நாற்பத்தெட்டு வீடுகள் எழும்புகின்றன. தூண் வந்துவிட்டது, கூரை வந்துவிட்டது, சுவர் மட்டும் இல்லை. மேட்டின் ஓரத்தில் இதற்கு நேர்மாறு: வீடே இல்லாமல் இருபத்துமூன்று சுவர்கள். ஆளுயரம், ஆளுக்கொரு நிறம், தலையில் ஒரு முழத் தகரம். காலை மூடுபனியில் பார்த்தால், யாரோ வீடுகளை மட்டும் உருவிக்கொண்டு போய்விட்டதுபோல் இருக்கும். ஆடுகள் இரண்டு, வாசலைத் தேடுவதுபோல் அவற்றின் நடுவே நடந்துகொண்டே இருக்கின்றன.

வெளிச்சுவருக்கென்று சந்தைக்கு வரும் புதுப் பலகைகளை வெயிலிலும் மழையிலும் நிறுத்திவைத்து, ஆகும் ஆகாது என்று சொல்வதுதான் தினேஸ்வரியின் வேலை. நாற்பத்தாறு வயது. பீடோரில் வன்பொருள் கடை ஒன்றில் ஆணி நிறுத்துக் கொடுத்தவர், ஈப்போவில் இந்தக் கட்டுமான நிறுவனத்துக்கு வந்து பத்தொன்பது வருடம். நார் சிமெண்ட், நுரை அடைத்த தகடு, மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் பிசைந்து செய்தது என எல்லாமே அவருக்கு எண்கள்தாம். "அஞ்சு கோவக்காரி. ஒன்பதுல பல்லி ஏறவே மாட்டேங்குது, ஏன்னு தெரியல. ஏழுக்கு அடியில நாலு வரிசை செங்கல் வச்சேன், அதுதான் இன்னும் காஞ்ச சத்தம் குடுக்குது." பேசிக்கொண்டே ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிவிட்டுப் போகிறார். கதவைத் தட்டுவதுபோல் மரியாதையான தட்டு.

நிறுவனத்தின் சோதனைப் பட்டியல் இரண்டு பக்கம். தினேஸ்வரியின் சோதனைகள் அதில் கிடையாது. மஞ்சள் தண்ணீரைத் தெளித்து ஒரு வாரம் விடுவார். கற்பூரப் புகையைக் காட்டுவார். நாலங்குல ஆணி அடித்து, கண்ணாடி போட்ட பெரிய முருகன் படத்தை மாட்டி, ஒரு மாதம் காத்திருப்பார். படம் சாய்ந்தால் பலகையும் சாய்ந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த விற்பனைக்காரர் ஒருவர் வழவழப்பான விளக்கப் புத்தகத்தை விரித்து, உறைபனிக்குக்கூட அசையாது என்றாராம்.

"கோப்பெங்ல எப்ப அண்ணே பனிக்கட்டி பெஞ்சிச்சு? சாமி படம் தாங்குமா, அத சொல்லுங்க முதல்ல."

இன்று அவர் கன்னம் வைத்திருப்பது பதினேழாம் எண். பாலாடை நிறம். ஒரு பலகையை ஒரே ஆள் தூக்கலாம். அழுக்கு ஒட்டாத பூச்சு. எந்தச் சேறு பட்டாலும் மழை நின்ற மறுநிமிடம் குளித்துவிட்டு வந்ததுபோல் நிற்கும். எட்டு மாதத்தில் மஞ்சள், புகை, முருகன் எல்லாவற்றிலும் தேறிவிட்டது. தினேஸ்வரி ஆறே நிமிடத்தில் தூங்கியும்விட்டார். மேலாளர் முகுந்தன் காலையிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார். ஐந்து மணிக்குள் ஒப்புதல் தாளில் கையெழுத்து விழுந்தால் பலகை செய்யும் ஆலைக்குச் சொல்லிவிடலாம். தீபாவளிக்கு முன் நாற்பத்தெட்டு சாவிகள்.

"தூங்கியே வீடு கட்டிருவியா, தினேசு?"

கருப்பம்மாள். மேட்டுக்குக் கீழே இன்னும் இடிக்கப்படாத தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து நடந்து வந்திருக்கிறார். பன்னிரண்டாம் எண் வீடு அவருக்கு. காத்திருக்கும் குடும்பங்களின் வாயும் அவர்தான். ஈப்போவில் அலுவலகம் கூட்டிப் பெருக்கும் வேலை, இன்று விடுமுறை. வெளிர்மஞ்சள் கைலியில், கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் பதினேழைச் சுற்றிப் பார்க்கிறார். தொலைக்காட்சி எந்தச் சுவரில் என்பதுவரை முடிவாகிவிட்டது.

தினேஸ்வரி கண்ணைத் திறந்தார். குந்தி உட்கார்ந்து, சுவரின் அடி விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். நகம், ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது.

"இங்க பாருக்கா."

"அடியிலதானே? எங்க லயத்துல சுவரே இல்லாத எடம் இருக்கு. ஆடு எட்டிப் பாத்து நலம் விசாரிக்குது."

"எட்டு மாசத்துல நகம் போவுதுன்னா எட்டு வருசத்துல கை போவும். அப்ப கும்பலா வந்து யார ஏசுவீங்க?"

"உன்னத்தான். அத அப்ப பாத்துக்கலாம்." கருப்பம்மாள் சிரிக்கவில்லை. "பதினோரு வருசமா காத்திருக்கோம், தினேசு. தோட்டத்து மொதலாளியே மூணு தவ்கே மாறிட்டான். இப்ப நீ வேணாம்னா இன்னொரு பலகைய நட்டு, இன்னொரு எட்டு மாசம் தூங்குவ. நாங்க தூங்க வேணாமா?"

தினேஸ்வரி நகத்தை எடுக்கவில்லை. அந்தப் பலகைக்கு மேலே எங்குமே குறை இல்லை. ஈரம் அடியிலிருந்து ஏறுகிறது, அது தெரிகிறது. எந்த உயரம்வரை தெறித்து ஏறுகிறது என்பதுதான் தெரியவில்லை. தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் சுவர் எந்த அடையாளத்தையும் வைத்துக்கொள்வதில்லை. அடியில் செங்கல் வைக்கக் குத்துமதிப்பாக ஓர் உயரத்தைச் சொன்னால் முகுந்தன் ஏற்கமாட்டார்.

மழை முதலில் குன்றுகளை அழித்தது. பிறகு தூரத்துச் செம்பனை வரிசைகளை. பிறகு நாற்பத்தெட்டு கூரைகளும் ஒவ்வொன்றாக வெள்ளையில் கரைந்தன. இரண்டு பேரும் பதினேழின் ஒரு முழத் தகரத்தடியில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மற்ற சுவர்கள் ஆளுக்கொரு குரலில் முனகின; தகடு கிசுகிசுத்தது, நார் சிமெண்ட் தொண்டையைச் செருமியது. தகர விளிம்பிலிருந்து விழுந்த தண்ணீர் செம்மண்ணில் குதித்துக் குதித்துத் திரும்பியது. நடுவில் கைப்பேசி சிணுங்கியது. கருப்பம்மாள் அதையும் பார்த்தார், தினேஸ்வரியையும் பார்த்தார். அரை மணி நேரம் உலகத்தில் அந்தச் சுவரும் இரண்டு பெண்களும் மட்டும் இருந்ததுபோல் இருந்தது.

மழை விட்டதும் வெயில் வந்தது. பதினேழாம் சுவர் பால் குடித்த பிள்ளைபோல் பளிச்சென்று நின்றது. ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"என் கைலிய பாரு," என்று உதறக் குனிந்தார் கருப்பம்மாள். "நேத்துதான் தோச்சது."

"அசையாத!"

தினேஸ்வரியின் குரலில் ஆடுகள் விலகி ஓடின. வெளிர்மஞ்சள் துணியில் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை செம்மண் பொட்டுகள். கீழே நெருக்கமாக, மேலே போகப் போக ஒன்றிரண்டாக.

"சுவரோட ஒட்டி நில்லுக்கா. நேரா."

"என்னாடி, தையக்காரி மாதிரி?"

"இது வரைக்கும் செங்கல். இதுக்கு மேல பதினேழு. ஏழுக்கு வச்ச மாதிரியே. கல்லு கீழ குவிஞ்சி கெடக்கு, மூணு வாரத்துல வச்சிரலாம். இந்த உயரத்த எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன்."

கைப்பேசி மறுபடியும் அடித்தது. நான்கே முக்கால்.

"தீபாவளிக்கு?" கருப்பம்மாள் அசையாமலே கேட்டார்.

"நில்லு லா."

தினேஸ்வரி மண்டியிட்டார். கைலியை முகத்துக்கு அருகில் வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே தனியாகத் தெறித்திருந்த ஒரு பொட்டைத் தேடிப் பிடித்தார். அதற்கு மேல் இரண்டு விரலை வைத்தார். காதில் செருகியிருந்த சாக்குக்கட்டியை எடுத்து, விரலுக்கு மேலே, சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கோடு இழுத்தார்.