விடை தெரிந்தவள்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமிக்குக் கொலைக் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். அதுவும் உண்மையில் நடந்த கொலையாக இருக்க வேண்டும். பாதிப் புத்தகத்திலேயே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவாள். மகள் சுதர்ஷினி எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதும் அந்தப் புத்தகங்களில்தான்.

இப்போது சுதர்ஷினி பதுளையில் டியூஷன் டீச்சர். ஞாயிறுதோறும் வாசகர் வட்டத்துக்குப் போவாள். அங்கே அவள் டவுன்காரி, அப்பாவுக்குச் சொந்தக் கடை. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்ததைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. "இந்த ஞாயிறு கொலைப் புத்தகம் பத்திப் பேசுறோம்மா" என்று போனில் உளறியதுதான் வினையாகிவிட்டது. அம்மா இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள்.

வாசலில் அம்மாவைக் கண்டதும் சுதர்ஷினி குனிந்து புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினாள். வட்டத்தின் தலைவர் மயில்வாகனம், "வாங்கம்மா, யாரோட வந்தீங்க?" என்றார்.

விஜயலெட்சுமி மகளைப் பார்த்தாள். மகள் நிமிரவில்லை. கொலைகாரனையே கண்டுபிடிக்கிறவளுக்கு இதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

"மழைக்கு ஒதுங்குனேங்க."

புதிதாக வருகிறவர்கள் தமக்குப் பிடித்த புத்தகம், தொழில், புதிர் மூன்றையும் சொல்வது அங்கே வழக்கம்.

"புத்தகம்னா கொலைக் கேசுதாங்க. தொழில், கொழுந்து எடுக்குறது. அட்ட கடிக்கும், இடுப்பு ஒடியும், ஆனா புடிக்கும்" என்றாள். சிலர் சிரித்தார்கள். "புதிருன்னா, எங்க வீட்டு விடுகத ஒண்ணு இருக்கு. தலையில கயிறு, முதுகுல வயிறு. நாளெல்லாம் தின்னும், தராசக் கண்டா கக்கும். அது என்னங்க?"

குரங்கு என்றார் ஒருவர். மூட்டை தூக்குகிறவன் என்றார் இன்னொருவர். தலையில் கயிறு மாட்டி முதுகில் சுமக்கும் கொழுந்துக்கூடையைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர்கள், பாவம்.

மயில்வாகனம் சுதர்ஷினி பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்கதானே புதிர்ல கெட்டிக்காரி?"

அந்தக் கூடைக்குள் ஒளிந்து விளையாடி வளர்ந்தவள் அவள். விடை நாக்கு நுனியில் நின்றது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்?

"தெரியல சேர்."

"டவுன் புள்ளைக்கு எப்புடிங்க தெரியும்?" என்று அவளுக்காக விஜயலெட்சுமியே சமாதானம் சொன்னாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள். "மழ விட்டுருச்சு. வர்றேங்க."

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதுவரை அம்மாவை நினைத்து வெட்கப்பட்ட சுதர்ஷினிக்கு, இப்போது தன்னை நினைத்து உடம்பு கூசியது. அவளுடைய குடை நாற்காலியிலேயே தொங்கியது. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை.